வழியும் தண்ணீரும் கேட்டுப் போ

வீரசோழன்

அன்பு மருமகன் ரிஸ்வானுக்கு,



பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. தை மாதம் சிநேகிதர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நம்மூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, கமுதி, பார்த்திபனூர், மானாமதுரை, சிவகங்கை, காளையார்கோவில், திருப்பத்தூர் என்று மருது சகோதரர்களின் போர் நடந்த நாட்டைச் சுற்றி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மா எனக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன். போகாதே என்று சொல்லமாட்டேன். எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

உன் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு எங்கே, எந்த இடத்தில் படம் எடுப்பது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். யாரிடம் வழி கேட்பாய், எங்கே தண்ணீர் குடிப்பாய் என்ற இரண்டும்தான் அதில் இல்லை. வழிக்குச் செல்போன் இருக்கிறது, தண்ணீருக்கு பாட்டில் இருக்கிறது என்பாய். நான் எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டுக்காகத்தான். நீ பார்க்கப் போகிற போரே வழியும் தண்ணீரும் யார் கையில் என்பதில் நடந்த போர்.

கணக்கைப் பார். 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறையாக விழுந்தது. கர்னல் அக்னியூ தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அங்கிருந்து வடக்கே திரும்பிச் சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தது. காளையார்கோவிலை அது பிடித்தது அக்டோபர் 1 அன்று. இரண்டு ஊருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர்தான். உனக்கு இரண்டு நாள் மிதி. பீரங்கியும் குதிரையும் வைத்திருந்த பட்டாளத்துக்கு நான்கு மாதம் தாண்டியது. ஏன் என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். கே. ராஜய்யனும் இராமநாதபுரத்து எஸ்.எம். கமாலும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கிளம்புமுன் இருவரையும் படித்துவிடு. மீதிப் பதிலை உன் கால் சொல்லும்.

கிளம்புமுன் இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள். இங்கே பார்க்க அதிகம் இருக்காது. பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் சைக்கிளில் போகிறவர்களின் படங்களைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆசை வந்தது என்று தெரியும். அங்கே முதல் உலகப் போர் நடந்த வயல்களில் கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. புல் வெட்ட ஆள் இருக்கிறது. திரும்பிய இடமெல்லாம் பலகை இருக்கிறது. பிரான்ஸில் நியூவ் ஷாப்பெல் என்ற ஊரில் அந்தப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைக்கூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் செத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது.

கோட்டைகளும் தானாக அழிந்துவிடவில்லை. போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது அது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நிற்பது 1974 இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ஆகையால் ஒன்றும் இல்லாத மேட்டையும் வெறும் வயலையும் பார்த்து ஏமாந்துபோகாதே. அதை அப்படி ஆக்கியதும் அந்தப் போரின் ஒரு பகுதி.

முதல் நாள் தெற்கே போ. நம்மூரிலிருந்து அபிராமம், அபிராமத்திலிருந்து கமுதி, சாயங்காலம் வீடு. 1801க்கு இரண்டு வருஷம் முன்பே நெருப்புப் பிடித்த இடம் இது. 1795 இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்த பிறகு, அவரிடம் சேவகம் செய்த சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் 1799 ஏப்ரலில் கிளர்ந்தார். முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினார்கள். அபிராமத்திலும் கமுதியிலும் இருந்த கும்பெனியின் துணிக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. துணிக் கிடங்கு எதற்கு என்று நின்று யோசி. கும்பெனி நம் பக்கத்தில் தறித்துணி வாங்கிக் கப்பலேற்றி வந்தது. நெசவாளியின் முன்பணக் கடனும் சம்சாரியின் தீர்வையும் சேர்ந்துதான் அந்தக் கோபத்தை மூட்டின. மயிலப்பன் பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்தார். 1802 ஆகஸ்டில் அபிராமத்தில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அபிராமம் பஸ் நிலையத்தில் நின்று அவர் பெயரைக் கேட்டுப் பார். தெரிந்தவர் எத்தனை பேர், தெரியாதவர் எத்தனை பேர் என்பதும் வரலாறுதான்.

கமுதிக் கோட்டை ஊரை ஒட்டிக் கோட்டைமேட்டில், குண்டாற்றங்கரையில் இருக்கிறது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் கட்டியது. வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. சைக்கிளைப் பூட்டிவிட்டுச் சுவரைச் சுற்றி முழுசாக நட. மூலை என்று ஒன்று வராமல் வளைந்துகொண்டே போகும், கோட்டை வட்ட வடிவம். சதுரக் கோட்டையின் மூலையைப் பீரங்கிக் குண்டு சீக்கிரம் பெயர்க்கும், வட்டச் சுவரில் அப்படி இலகுவான இடம் கிடைக்காது. பிறகு ஆற்றுப் பக்கம் வந்து நில். குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆனாலும் மணலைத் தோண்டினால் ஊற்று உண்டு. வறண்ட சீமையில் கோட்டை கட்டுகிறவன் முதலில் ஊற்றைத்தான் தேடியிருப்பான். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவரோடு தப்பியவர்களும் கமுதி வந்துதான் சின்ன மருது இருந்த சிறுவயலுக்குப் போனார்கள். அவர்கள் வந்த திசை தென்மேற்கு. அந்தப் பக்கம் கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். ஒளிய ஒரு மரம் இல்லாத அந்த வெளியைக் காயம்பட்டவர்கள் கோடை வெயிலில் கடந்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

இரண்டாம் நாள் பார்த்திபனூர் போய் வைகையைப் பிடி. ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் லாரியும் வேனும் பறக்கும். முடிந்த மட்டும் அதில் ஏறாமல் கண்மாய்க்கரைப் பாதைகளில் மானாமதுரைக்குப் போ. 1801 ஜூன் மாதம் அக்னியூவின் படை திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி என்று இந்த ஆற்றை ஒட்டித்தான் இராமநாதபுரத்துக்கு இறங்கியது. ஆற்றை ஏன் விடவில்லை என்றால், தண்ணீர். பட்டாளம் என்றால் சிப்பாய் மட்டும் இல்லை. பீரங்கி இழுக்கிற காளை, பொதிமாடு, குதிரை, சமையல்காரர், கூலியாள் என்று சிப்பாய்களைவிடப் பெரிய கூட்டம் பின்னால் வரும். அத்தனை வாய்க்கும் நாள் தவறாமல் தண்ணீரும் தீவனமும் வேண்டும். ஆனி மாதத்தில் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எந்தக் கிணற்றில் ஊறும், எந்த ஊருணியில் மிச்சம் இருக்கும் என்பது ஊராருக்குத் தெரியும், வந்தவனுக்குத் தெரியாது. புதரிலிருந்து வேல்கம்பும் வளரி என்ற எறிதடியும் துப்பாக்கிக் குண்டும் வரும், திருப்பிச் சுடுவதற்குள் ஆள் மறைந்துவிடுவான். அந்தப் படை இந்த வழியில் நிறையப் பேரை இழந்தது.

நீ போவது தை மாதம். கண்மாயில் தண்ணீர் தளும்பும், வயலில் நெல் சாய்ந்திருக்கும், மிளகாய்ச் செடி பூத்திருக்கும், வாடைக்காற்று வீசும். இந்த நாட்டின் நல்ல முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போர் நடந்த நாடு இதுதான் என்று முடிவு கட்டிவிடாதே. உடம்பு இடம் கொடுத்தால் ஆனியில் ஒரு நாள் மட்டும் திரும்ப வா. மேல்காற்று எதிரே அடிக்கும்போது பார்த்திபனூரிலிருந்து மானாமதுரைக்கு மிதித்துப் பார். மிதித்த இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும், கண்ணில் மண் விழும், மத்தியானத்துக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோகும். அந்த ஒரு நாள் உனக்குப் பத்துப் பக்கம் படித்த பலனைத் தரும்.

மானாமதுரையைத் தாண்டினால் முள்காடு கூடிக்கொண்டே போகும். இங்கே ஓர் எச்சரிக்கை. சாலையின் இரண்டு பக்கமும் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்தைப் பார்த்து, மருது சகோதரர்கள் மறைந்திருந்த காடு இதுதான் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிவிடாதே. அந்த மரத்தின் விதை சென்னை மாகாணத்துக்கு வந்ததே 1870களில். நம் பக்கம் காடாக மண்டியது அதற்கும் வெகுகாலம் கழித்து. 1801 இல் இங்கே இருந்தது உடை, இலந்தை, விடத்தலை, கள்ளி, நாட்டுக் கருவேலம், பனை. அந்தக் காட்டின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயில் காடுகளிலும் கண்மாய்க்கரைகளிலும் தேடு. ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொல்வார்கள்.

பழைய காடு என்ன பாடு படுத்தியது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1801 ஜூலை முடிவில் அக்னியூவின் படை காரைக்குடிப் பக்கம் சிறுவயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதற்குக் கிடைத்தது எரிந்த ஊர். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார்கள். கோடரியோடு ஆட்கள் முன்னே, காவலுக்குச் சிப்பாய்கள் சுற்றிலும். பகலில் வெட்டுவார்கள், இடைவிடாமல் தாக்குதல் வரும். ஒரு மாதம் இப்படி வெட்டிய பிறகும் ஊர் வந்து சேரவில்லை. கடைசியில் அந்தப் பாதையைப் பாதியில் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். இன்று அந்தத் தூரத்தை நீ ஒரு முற்பகலில் கடப்பாய்.

அப்புறம் எப்படிக் காளையார்கோவில் விழுந்தது? கும்பெனிக்காரன் காட்டை வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆட்களை வெட்டிப் பிரித்தான். சிவகங்கைக்குக் கௌரி வல்லப உடையத் தேவரை ஜமீன்தாராக அறிவித்து ஒரு பகுதி ஆட்களைத் தன் பக்கம் இழுத்தான். அதன் பிறகு வழி தெரிந்தவர்கள் வழி காட்டினார்கள். அக்டோபர் 1 விடிவதற்குள் ஒரு படைப்பிரிவு அப்படிக் காட்டின ஒற்றையடிப் பாதையில் உள்ளே நுழைந்தது, மற்றவை வேறு திசைகளிலிருந்து நெருக்கின. நான்கு மாதம் பீரங்கியால் ஆகாத காரியம் ஓர் இரவில் ஆனது. யார் காட்டியது என்று நீ கேட்காதே. அங்கே போனால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எல்லாப் பெயருக்குப் பின்னாலும் இன்றைக்கு இருக்கிற ஒரு பகை நிற்கும்.

இது என்னை முக்கியமான புத்திமதிக்குக் கொண்டுவந்து விடுகிறது. இந்த நாட்டில் வரலாற்றுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ஒவ்வொரு வீரனுக்கும் சிலை, சிலைக்கு வேலி, வேலிக்குக் காவல் இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து பெயரைக் கேட்பார்கள். உன் பெயரைச் சொல், வீரசோழன் என்று சொல், தயங்காதே. நம் சந்தைக்கு ஆடு வாங்க வராத ஊர் அந்தப் பக்கம் ஏது? ஆனால் எந்த வீரன் எந்தச் சாதி என்ற பேச்சு எழுந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடு. வாதாடாதே, திருத்தாதே, தலையாட்டவும் வேண்டாம். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது பெயரில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிவிப்பு எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்தது. எல்லோரையும் கூப்பிட்டவரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடுவதைப் பார்த்து உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதை ஊருக்குத் திரும்பி வந்து எழுது. அங்கே உட்கார்ந்து பேசாதே.

தேதியையும் பார்த்துக்கொள். நீ தையில் போவதால் தொல்லையில்லை. வேறு மாதத்துக்கு மாற்றினால் செப்டம்பர் 11 இல் பரமக்குடியையும், அக்டோபர் கடைசி வாரத்தில் திருப்பத்தூர், காளையார்கோவில், கமுதி அருகே பசும்பொன் பக்கத்தையும் தவிர்த்துவிடு. அவை தலைவர்களின் நினைவு நாட்கள், லட்சக்கணக்கில் கூட்டம் வரும், போலீஸ் தடை போட்டு வண்டிகளைத் திருப்பி விடும். சைக்கிளில் வந்த நான்கு பையன்களை யாரும் எதிரி என்று நினைக்கமாட்டார்கள், ஆனால் போலீஸ்காரர் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் உங்களிடம் கதை கேட்டு நேரத்தைப் போக்குவார்.

காளையார்கோவிலில் மருது சகோதரர்கள் கட்டிய ராஜகோபுரத்தைப் பார்ப்பாய். கோயிலுக்கு எதிரே அவர்கள் சமாதி. அங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை வரும்: சரணடையாவிட்டால் கோபுரத்தைப் பீரங்கி வைத்துத் தகர்ப்போம் என்று வெள்ளைக்காரன் மிரட்டினான், கோபுரத்தைக் காப்பாற்றத் தாங்களாகவே வந்து நின்றார்கள் என்று. அக்னியூவின் கூடவே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830 இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். சின்ன மருதுவைக் காட்டில் வேட்டையாடித் துரத்தி, தொடையில் காயம்பட்ட நிலையில் பிடித்தார்கள் என்கிறார். எது உண்மை என்று கேட்பாய். நோட்டில் இரண்டையும் எழுது. வெல்ஷ் எழுதியது பிடிபட்ட விதம். ஊர் சொல்வது அந்த ஊர் அவர்களை எப்படி வைத்துக்கொண்டது என்பது. ஒன்றை வைத்து ஒன்றை அழிக்காதே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் சொன்னது, எங்கே கேட்டது என்று மட்டும் குறித்து வை.

அந்த வெல்ஷ் எதிரிதான், ஆனால் அவரை விட்டுவிடாதே. போருக்கு முன், 1795 இல், அவர் சிறுவயலுக்குப் போயிருக்கிறார். சின்ன மருது காவல் இல்லாத திறந்த வீட்டில் இருந்ததையும், யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்றிருந்ததையும் எழுதுகிறார். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்கிறார். ஆறு வருஷம் கழித்து அதே மனிதரைத் தூக்கில் போட்ட படையில் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அது நடந்தது. அடுத்த வருஷம் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், பதினைந்து வயதுப் பையன். 1818 இல் வெல்ஷ் பினாங்கு போனபோது அவனைப் பார்க்கிறார். வயதுக்கு மீறிய மூப்பு அவன் உடம்பில் ஏறியிருந்தது. வெல்ஷ் எதுவும் செய்ய முடியவில்லை என்று எழுதிவிட்டுக் கடந்து போகிறார். நம்மூரில் வீட்டுக்கு ஒருவர் மலேயாவுக்குச் சம்பாதிக்கச் சபுர் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்தக் கடலைக் கடந்தவர்கள், சம்பாதிக்கப் போகாதவர்கள், இந்தச் சீமையில் இருந்தார்கள் என்பதை உன் சிநேகிதர்களுக்குச் சொல்.

மலேயா என்றதும் சைக்கிள் ஞாபகம் வருகிறது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தபாருவில் இறங்கிய ஜப்பான் படை, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பிடித்தது. எழுபது நாள். அதில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வந்தது சைக்கிளில். பாலத்தை வெள்ளைக்காரன் தகர்த்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தை இரவில் டாங்கி என்று நினைத்து எதிரில் இருந்தவர்கள் பின்வாங்கினார்களாம். அப்போது ஈப்போவில் துணிக்கடையில் இருந்த உன் நன்னா, அந்தச் சத்தத்தைக் கேட்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஓடியவர்களில் ஒருவர். சைக்கிளும் பட்டாளத்தின் வாகனமாக இருந்திருக்கிறது. நாட்டுக்குள் நுழைகிறவன் எப்படி நுழைகிறான் என்பதை வைத்துத்தான் ஊர் அவனை எடைபோடும்.

ஆகவே எப்படி நுழைவது என்று சொல்கிறேன். செல்போனை மேல் பைக்குள் போடு. வழியைக் கேட்டுப் போ. நம் பக்கத்து ஆள் வழி சொன்னால் வலது இடது என்று மட்டும் சொல்லமாட்டார். "கலுங்கத் தாண்டி, அரசமரம் வரும், அங்கன சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க தம்பி" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் கண்மாய் எங்கே நிரம்பி வழிகிறது, பழைய பாதை எங்கே போனது, மரத்தடியில் எந்தச் சாமி என்று மூன்று செய்தி இருக்கும். செல்போன் நானூறு மீட்டர் என்று மட்டும் சொல்லும். பாதை தவறினால் இன்னொரு ஆளைக் கேள், இன்னொரு செய்தி கிடைக்கும்.

தண்ணீர் வீட்டில் கேள். "ஆத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றால் இல்லை என்று சொல்கிற வீடு இந்தச் சீமையில் கிடையாது. ஆனால் அந்தச் செம்பு எவ்வளவு விலை என்று தெரிந்து குடி. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். குடிநீரைத் தள்ளுவண்டியில் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு மிச்சத்தில் முகம் கழுவாதே. கழுவ வேண்டுமென்றால் கண்மாய் இருக்கிறது. ஊருணிக்குள் மட்டும் காலை வைத்துவிடாதே. குடிக்கிற ஊருணியில் செருப்போடு இறங்கினவனை ஊர் மறக்காது. குடித்து முடித்ததும் கிளம்பிவிடாமல் இரண்டு நிமிஷம் திண்ணையில் உட்கார். கேட்காமலே கதை வரும். நோட்டை உடனே எடுக்காதே. எழுதுகிறவனைக் கண்டால் ரேஷன் கடைக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்டதை அடுத்த கண்மாய்க்கரையில் நிறுத்தி எழுது.

கடைசியாக வண்டி. உன் சைக்கிளின் டியூபில் இருக்கும் ஒல்லியான பிரஸ்டா வால்வுக்கு நம் பக்கத்துக் கடைகளில் இருக்கும் பம்பு பொருந்தாது. பித்தளையில் சின்ன மாற்றி கிடைக்கும், ஆளுக்கு இரண்டு வாங்கி வா. மாற்று டியூபும் அங்கிருந்தே கொண்டு வா, இங்கே கிடைக்காது. முள்ளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நெருஞ்சி டயரில் குத்தி நின்றால் கண்ணுக்குத் தெரியும், கையால் பிடுங்கிவிடலாம். சீமைக்கருவேல முள் அப்படியில்லை. குத்தின இடத்தில் முறிந்து, முனை டயருக்குள்ளேயே தங்கிவிடும். பஞ்சர் ஒட்டிவிட்டு அப்படியே டியூபை மாட்டினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி காற்றுப் போகும். அதனால் டியூபைக் கழற்றியதும் முதல் வேலை, டயரின் உள்பக்கம் முழுவதும் விரல் நுனியால் மெதுவாகத் தடவு. எங்கே உறுத்துகிறதோ அங்கே நிறுத்தி, ஊக்கு முனையால் நெம்பி முள்ளை வெளியே எடு. அப்புறம் உப்புத்தாள், பசை, ரப்பர் துண்டு. பசை காயும் வரை பொறுமை வேண்டும், விரலை வைத்தால் ஒட்டக் கூடாது. இதைப் பெங்களூரில் வீட்டில் வைத்து இரண்டு தடவை பழகிக்கொண்டு வா. பாதையில் நெற்களத்திலோ கண்மாய்க்கரையிலோ வண்டியைப் படுக்கப்போடாதே, அங்கேதான் வெட்டின முள் சிதறிக் கிடக்கும். தார்ச்சாலை ஓரத்திலேயே செய்.

இன்னும் இரண்டு. உன் திட்டத்தில் ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாய். அதைப் பாதியாக்கு. முன்னால் போகிறவன் வேகத்துக்கு மற்றவர்கள் மிதிக்க வேண்டாம், கடைசியில் வருகிறவன் வேகத்துக்கு நான்கு பேரும் போங்கள். இராமநாதபுரத்தைத் திட்டத்தில் சேர்க்கவில்லை என்று பார்த்தேன். காலம் கிடைத்தால் கடைசி நாளில் ரயிலேறியாவது ராமலிங்க விலாசம் போ. கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் 1798 செப்டம்பர் 10 அன்று சந்தித்த அரண்மனை அது. சுவரில் சேதுபதிகளின் போர்க் காட்சிகளை வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற அருங்காட்சியகத்தில் வளரியையும் பார்க்கலாம். ஊர் ஊராக நீ கேட்ட ஆயுதம் கண்ணாடிக்குள் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுங்கள். நான்கு பேருக்கும் மாடியில் பாய் போடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அபிராமம் போய்விடலாம். காலைச் சாப்பாட்டை உன் மாமி கட்டித் தருவாள். திரும்பி வந்ததும் எடுத்த படங்களை உன் அம்மாவிடம் காட்டு, அவள் மனசு நிறையும். என்னிடம் நோட்டைக் காட்டு. யாரிடம் வழி கேட்டாய், யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தால், அடுத்த வருஷம் பாஞ்சாலங்குறிச்சிக்கு நானும் வருகிறேன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் மாமா